சலவைக்கல்லில் மஞ்சள்

இத்தாலியில், பலெர்மோ ரயில் நிலையத்துக்குப் பின்புறச் சந்தொன்றில் இருந்த அந்த மாளிகையை எங்கள் சின்யோரா, எசமானி அம்மா, வாங்கியபோது அதில் புறாக்கள்தான் குடியிருந்தன. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த கூரையை அதன்பிறகு ஒருவரும் தொட்டிருக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் திருத்த வேலை நடந்தது. ஓவியம் தீட்டிய கூரைகளைக் கழுவினார்கள். சுவர்களுக்குப் பட்டுத்துணி ஒட்டினார்கள். குளியலறைக் குழாய்களுக்குப் பொன்முலாம். நாற்காலி ஒன்றுக்காக சின்யோரா மூன்று தரம் வெனிஸ் போய் வந்தார். உட்கார்ந்தால் உடைகிற நாற்காலி. அதைத் துடைப்பது என் தலையெழுத்து.

நான் அங்கே வீட்டு வேலைக்காரி. என் ஆறு வயது மகள் கொழும்பில் மச்சாளோடு இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் சின்யோரா என்னோடு குவெஸ்தூராவுக்கு, அதாவது பொலிஸ் அலுவலகத்துக்கு வந்து, எனக்கு நிரந்தர வேலையும் இருக்க இடமும் உண்டென்று கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடமாக இழுத்தடித்தார்.

பெரிய மண்டபத்துக் கூரையைக் கழுவியவர்களில் ஒருவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். பதிவில்லாமல் வேலை செய்தவர். ஒருநாள் காலை சாரத்திலிருந்து விழுந்தார். கீழே நான் நின்றேன். அந்தச் சத்தத்தை இங்கே எழுத மாட்டேன். மூச்சு நின்ற பிறகுதான் மேற்பார்வையாளன் வான் வண்டியைக் கொண்டுவந்தான். தங்கியிருந்த வீட்டுப் படியில் விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்; அவருடைய மனைவி அந்நேரம் வேறிடத்தில் வேலையில் இருந்தாள். மண்டபத்து இரத்தத்தைக் கழுவியது நான். சின்யோரா என் தோளில் கை வைத்து, "நீ ஒன்றும் பார்க்கவில்லை. வீடு திறக்கும் விருந்து முடிந்த திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போவோம்" என்றார். அன்றுதான் முதல் தடவையாக ஒரு நாள் குறித்தார். தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அதன்பிறகு அந்த இடத்தை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. முப்பத்தோராம் நாள், அவருக்கு அந்தியேட்டி நடந்த அன்று, சாவுத் துடக்குக் கழியட்டும் என்று ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து அங்கே தெளித்தேன். சீமெந்து நிலமென்றால் ஒரு கழுவலில் போயிருக்கும். இது புதிதாக மினுக்கிய வெள்ளைச் சலவைக்கல், குடித்துவிட்டது. எலுமிச்சை தேய்த்தேன். மினுக்கம் போனது, மஞ்சள் போகவில்லை. கறி கொட்டிவிட்டதென்று சின்யோராவிடம் சொன்னேன். வாய்க்கு வந்தபடி ஏசினார். அதை மூடக் கம்பளம் சொல்லிவிட்டாலும் விருந்துக்கு முன் வந்துசேராதே என்று புலம்பினார்.

விருந்துக்குச் சமையலறையில் ஆள் போதவில்லை. ஆள் பிடித்து அனுப்பியவர், செத்தவருடைய மனைவியையே அனுப்பியிருந்தார். புருஷன் வேலை செய்த இடமென்று அவளுக்குத் தெரியும். செத்த இடமென்று தெரியாது. பிற்பகல், கோப்பைத் தட்டோடு மண்டபத்துக்குள் வந்தவள் நிலத்து மஞ்சளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அக்கா, இதிலை ஆர் மஞ்சள் தண்ணி தெளிச்சது?"

"நான்தான். புது வீடெல்லே."

"புது வீட்டுக்கு எல்லா இடமும் தெளிப்பினம். இதிலை மட்டும் ஏன்?"

நான் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

"அவர் இஞ்சையோ விழுந்தவர்?"

அன்று சனிக்கிழமை. திங்களுக்கு இன்னும் இரண்டு நாள்.

"இல்லைப் பிள்ளை. இஞ்சை ஒண்டும் நடக்கேல்லை."

"ஓம் அக்கா" என்று தட்டைத் தூக்கினாள். விருந்து முடியும்வரை அந்த மஞ்சளைச் சுற்றித்தான் நடந்தாள். விருந்தாளிகள் அதன்மேல் நின்று, அண்ணாந்து பார்த்து, கூரை ஓவியத்தை மெச்சினார்கள்.

திங்கட்கிழமை சின்யோரா சொன்னபடி கையெழுத்துப் போட்டார். மகள் வந்து சேர்ந்தபோது முதலில் பார்க்க வந்தது செத்தவருடைய மனைவிதான், பிள்ளைக்கு ஒரு சட்டையோடு. மடியில் இருத்திச் சீப்பால் தலை இழுத்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்.