தொட்டிக்குள் ஒரு பலூன்

தெருவில் அவளைப் பாம்புக்காது என்பார்கள். மூன்றாம் வீட்டு மிக்ஸியில் பேரிங் தேய்ந்திருப்பதை இங்கிருந்தே சொல்லிவிடுவாள். பன்னிரண்டு வருடம் ஒரு பாட்டுப் பதிவுக் கூடத்தில் ஒயர் சுற்றி, மைக் நிறுத்தி, கேட்டுக் கேட்டே மிக்ஸிங் கற்றவள். போன வருடம்தான் வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தொடங்கினாள். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ்.

எல்லாம் கைக்கு வந்தது, ரிவெர்ப் ஒன்றைத் தவிர. பெரிய கூடத்தில் பாடினால் குரலைச் சுற்றி நிற்குமே, அந்த முழக்கம். அதற்கென இலவசமாகக் கிடைத்த ஒன்பது மென்பொருள்களைப் போட்டுப் பார்த்துவிட்டாள். தன் பாட்டை அவளிடம் பதியக் கொடுத்துவிட்டு மூன்று முறை வந்து கேட்ட பாட்டு டீச்சர் மூன்று முறையும் உதட்டைப் பிதுக்கினார்.

"தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கும்மா. நாளைக்குச் சாயங்காலமும் இப்படியே இருந்தா உன் பழைய முதலாளிகிட்டயே குடுத்துடறேன். தப்பா நினைக்காதே."

"ஒரே வருஷம், திரும்பி வந்துடுவே பாரு" என்று சிரித்தபடி வழியனுப்பியவர் அந்த முதலாளி.

பத்தாவதாகக் கிடைத்தது வேறு மாதிரி. ஓர் இடத்தில் பலூனை உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிந்து கொடுத்தால், அந்த இடத்தின் முழக்கத்தையே பாட்டுக்குப் போர்த்திவிடும். இடம்தான் இல்லை. குழாய் வேலை பார்க்கும் கணவன் கேட்டுவிட்டுச் சொன்னான்: "புதுசா கட்டின தண்ணித் தொட்டி காலியா இருக்கு. காலையில பத்து மணிக்குத் தண்ணி விடறோம். அதுக்குள்ள வந்துடு."

மறுநாள் இருவரும் ஏணி வைத்து உள்ளே இறங்கினார்கள். "உடைச்சப்புறம் மூச்சுகூட விடக்கூடாது," என்று எச்சரித்துவிட்டு ஊசியால் குத்தினாள்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டாள். டப்பா போய்விட்டது, குரலுக்கு உடம்பு வந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஏதோ முனகியது. பலூன் சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கேட்டவள் போனை எடுத்தாள்.

"ஏங்க, பலூன் உடைஞ்சதும் என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லலையே!"

"ஐயோன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. டீச்சர் வாயைத் திறக்கறப்பெல்லாம் பின்னாடி அவரு செத்துட்டிருக்காரு."

"பயந்துட்டேன்மா. ரெண்டு நொடி தாக்குப்பிடிச்சேன்ல? இப்போ தொட்டியில தண்ணி முட்டி வரைக்கும் ஏறிடுச்சே, மறுபடி எடுக்கவும் முடியாதே!"

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பிறகு, வேறு வழியில்லாமல், அந்த 'ஐயோ'வுக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டி, முனையைத் தேய்த்து மழுப்பினாள். ஆறு நொடி முழக்கம் இரண்டு நொடியானது. பாட்டை ஓட்டினாள். இப்போது ஒரு வரி அடுத்த வரியின் மேல் ஏறவில்லை. நடுவே டீச்சர் மூச்செடுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. ஆறு நொடியை அப்படியே விட்டிருந்தால் சொற்கள் மூழ்கியிருக்கும்.

சாயங்காலம் டீச்சர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. இரண்டாம் முறையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் கண் திறந்தார்.

"எந்த மண்டபம்மா இது?"

"தண்ணித் தொட்டி டீச்சர்."

"எதுவா வேணா இருக்கட்டும். இனி ஒண்ணையும் தொடாதே. அடுத்த பாட்டும் உன்கிட்டதான்."

வாசலில், நனைந்த கால்சட்டையோடு, கணவன் அசையாமல் நின்றிருந்தான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்ப மூச்சு விடலாம்ங்க."