போன வார அறை

பல்கலைக்கழகத்தில் அவருக்கு நோட்டீஸ்காரர் என்று பெயர். கலைப்புல அலுவலகத்தில் பத்தொன்பது வருட உத்தியோகம். எந்த அறையில் சொற்பொழிவு, எந்த அரங்கில் படம், அருங்காட்சியகம் மாணவர்களுக்கு என்றைக்கு இலவசம் என்பதையெல்லாம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரே தாளில் அடுக்கி, எல்லாருக்கும் அனுப்பிவிட்டுப் பலகையிலும் ஒட்டுவார். "ஊருக்கே வழி சொல்றவரு, கடைக்கு அனுப்பினா மட்டும் பாதி சாமானை மறந்துட்டு வருவாரு" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

புதுத் தாள் எழுதுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. போன வாரத் தாளைத் திறந்து, அங்கங்கே மாற்றி எழுதினால் வேலை முடிந்தது. இத்தனை வருடமும் தப்பு வராததால், திரும்பப் படித்துப் பார்ப்பதையே மனுஷர் விட்டுவிட்டார். சோம்பேறித்தனத்துக்கு அனுபவம் என்று பேர் வைப்பது நம் எல்லாருக்கும் கைவந்த கலைதானே.

அந்த வாரம் இலக்கியத்துறை மாணவி ஒருத்தி முதல்முறையாகத் தன் கவிதைகளை வாசிக்க இருந்தாள். இடம் நூலக மாடி அறை என்று அவளிடம் நேரிலேயே சொல்லியிருந்தார். நாற்பது நாற்காலிகளை அவரே வரிசையாகப் போட்டார். நாலு மணிக்கு அங்கே இருந்தது அந்தப் பெண்ணைத் தவிர மூன்றே பேர்: அவள் அம்மா, துறைப் பேராசிரியை, அவர். விடுப்புப் போட்டுவிட்டு வந்த அம்மா, முன்வரிசையில் உட்கார்ந்து கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது கவிதையில் பெண்ணின் குரல் உள்ளே போய்விட்டது. அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாணவன் ஒருவனின் செய்தி: 'அண்ணா, பழைய கட்டடத்துல பதினாலாம் அறை பூட்டியிருக்கு. இருபத்தாறு பேர் நிக்கிறோம். கவிதை வாசிப்பு இல்லையா?'

பதினாலாம் அறை போன வார நிகழ்ச்சிக்கு உரியது. அதை மாற்றாமலே அனுப்பியிருக்கிறார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐந்து நிமிடத்தில் அத்தனை பேரும் மாடி ஏறியிருப்பார்கள். பேராசிரியை முன்னால் மானம் போகுமே என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முடிந்ததும் பெண்ணிடம் போய், "மனசுல வெச்சுக்காதம்மா. கவிதைன்னா யார் வர்றாங்க? எப்பவும் இதே கதைதான்" என்றார். பிறகு நேராகப் பலகைக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, கசக்கித் தன் மேஜை இழுப்பறையில் திணித்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தார்.

மூன்று வாரம் போனது. ஆண்டு விழாவில் வாசிக்கிறவர்கள் பட்டியலிலிருந்து அந்தப் பெண் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தாள். அவள் பெயரை நீக்கிவிட்டு நிகழ்ச்சி நிரலை அச்சுக்கு அனுப்பியதும் அவர் கைதான். அச்சான கட்டு வந்து இறங்கிய அன்றைக்கே அவள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் ஆறுதலா பேசினீங்க அண்ணா. தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இழுப்பறையிலிருந்து கசங்கிய தாளை எடுத்து நீட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளோ கண்ணை விரித்துக்கொண்டு, "இருபத்தாறு பேரா? நிஜமாவா அண்ணா?" என்றாள். அங்கேயே போனை எடுத்தாள். "அம்மா, வந்திருந்தாங்களாம்மா! வேற அறையில எனக்காக நின்னிருக்காங்கம்மா!"

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவர் கூசிப்போனார். மூன்று வாரமாக அவளுக்குச் சேரவேண்டியதைத் தன் இழுப்பறையில் பூட்டியல்லவா வைத்திருந்தார்.

பேசிக்கொண்டே இருந்தவளின் பார்வை மேஜைமேல் இருந்த அச்சுக்கட்டில் விழுந்தது. மேல் தாளை எடுத்துப் பெயர்களை ஒருமுறை படித்தாள்; அவள் பெயர் அதில் இல்லை. போனில் அம்மா, "யாருடி சொன்னாங்க? ஏன் இவ்வளவு நாள் கழிச்சு?" என்று கேட்பது அவர் காதிலும் விழுந்தது.

"நீங்களே சொல்லுங்க அண்ணா" என்று போனை அவரிடம் நீட்டினாள்.