பச்சைப் பொத்தான்

இது நடந்தது. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். நானே செவ்வாய்க்கிழமை காலைவரை நம்பவில்லை. பேய் என்றால் நடுநிசியும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தது சனிக்கிழமை பிற்பகல். எங்கள் சோதனை அறைக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே எப்போதும் ஒரே நேரம்தான்.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு அழைப்புப் பெட்டி செய்கிறவர்கள். நோயாளி கையில் ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் நர்ஸின் மேசையில் இருக்கும் பெட்டியில் விளக்கு எரியும், மணி அடிக்கும். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். நர்ஸ் நேரில் வந்து, நோயாளியைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதை அமுக்கினால்தான் விளக்கு அணையும். மேசையில் உட்கார்ந்தபடியே அணைக்க வழி வைக்கவில்லை. மனித குலத்தை நன்றாகப் புரிந்துகொண்ட எவரோ வடிவமைத்தது.

ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்திருந்தது. சில சமயம் மணி அடிப்பதில்லை என்று புகார். எங்கள் டீம் லீடர், மெயிலுக்கு மூன்று நாள் கழித்துப் பதில் போடுவதால் 'மின்னல்' என்று பெயர் பெற்றவர், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, திங்கட்கிழமை காலையில காரணம் என் மேசையில இருக்கணும். இருந்தா வேலை நிரந்தரம். இல்லைன்னா நீ இருக்க மாட்டே."

அன்பாகச் சொல்லிவிட்டு மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார்.

கட்டடத்தில் நானும், கீழே வாட்ச்மேனும்தான்.

"லீவு நாள்லயுமா? வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்றார் அவர்.

"தேடுற அளவுக்கு யாரும் இல்லண்ணே."

சிரிக்கத்தான் சொன்னேன். இருவருமே சிரிக்கவில்லை.

காரணம் மூன்று மணிக்கே சிக்கியது. சும்மா இருக்கும்போது பெட்டி தூங்கிவிடும், மின்சாரம் மிச்சம். ஒரு பொத்தான் கணினியின் தோளைத் தட்டி 'இங்கே பார்' என்று சொல்வதற்கு இன்டரப்ட் என்று பெயர். தூங்கப் போகும்போது கணினி எல்லாத் தட்டல்களுக்கும் கதவைச் சாத்திவிடும். எழுப்பும் உரிமை உள்ள ஒன்றிரண்டுக்கு மட்டும் திறந்து வைக்கும். இந்தப் பெட்டியில் அந்த உரிமை பவர் சுவிட்சுக்கு மட்டும்தான் இருந்தது. சிவப்புக்குக் கொடுக்க எவரோ மறந்திருக்கிறார்கள். பச்சைக்கும் இல்லை. தூக்கத்தில் வந்த அழைப்பு தொலைந்து போகாது. உள்ளேயே காத்திருக்கும். பெட்டி எப்போது விழிக்கிறதோ அப்போது சாவகாசமாக மணி அடிக்கும்.

சரிபார்க்கப் பெட்டியைத் தூங்க வைத்தேன். சோதனைக் கட்டிலில் நோயாளி மாதிரி படுத்துக்கொண்டு சிவப்பை அமுக்கினேன்.

"சிஸ்டர், ஒரு டீ."

மணி 3:20. பெட்டியில் அசைவே இல்லை. வேலை நிரந்தரம்! சந்தோஷத்தைச் சொல்லப் போனை எடுத்தேன். யாரிடம் என்று தோன்றவில்லை. கீழே வைத்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது.

அந்த ஏசி குளிரில் பல் கிட்டும். ஆனால் விழித்தபோது எனக்குக் குளிரவில்லை...

கால்மாட்டில் மடித்துக் கிடந்த போர்வை என் கழுத்து வரை இருந்தது. இரண்டு ஓரமும் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. வார்டில் செருகுவது போல, கச்சிதமாக.

ஸ்பிரிட் வாசனை வேறு.

வாட்ச்மேன் வந்திருப்பார் என்று கதவைப் பார்த்தேன். உள்ளே நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

டிங்...

பெட்டி விழித்துக்கொண்டது. காத்திருந்த என் அழைப்பு ஒரு முறை அடித்தது. விளக்கு எரிந்து உடனே அணைந்தது. திரையில் ஒரே வரி.

எழுப்பியது: பச்சைப் பொத்தான்.

அதற்குத்தான் எழுப்பும் உரிமையே இல்லையே...

மெல்லத் தலைமாட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இரண்டு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. பொத்தான் என் மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறையில். காலையில் நானே கழற்றி வைத்தது.

பெட்டி மறுபடி தூங்கியது.

சரக்... சரக்...

ரப்பர் செருப்பு. கட்டிலைச் சுற்றி வந்தது.

நின்றது.

துள்ளி எழுந்தேன். முதுகுக்கு அடியில் சிவப்புப் பொத்தான் 'டக்' என்றது.

ஓடினேன்.

திங்கட்கிழமை மின்னல் என் அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பெட்டி இருந்த வார்டுல ஏழாம் படுக்கைப் பெரியவர் ஒரு ராத்திரி இறந்துட்டார், தம்பி. கையில பொத்தானோட. டியூட்டியில ஒரே ஒரு நர்ஸம்மா. மணி அடிக்கலைன்னு அவங்க சொன்னதை யாரும் நம்பலை. 'அடிச்சா நான் போகாம இருப்பேனா'ன்னு சாகுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்களாம்."

"சாகுற வரைக்கும்னா... சார்?"

"போன மாசம். காய்ச்சல். இனிமேயாவது நம்புவாங்க. நல்ல வேலை செஞ்சே. வா, எனக்கும் காட்டு."

நான் தடுப்பதற்குள் சோதனை அறைக்குப் போய்ப் பவர் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

டிங்... டிங்... டிங்...

சனிக்கிழமை என் முதுகு அமுக்கிய அழைப்பு. சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவில்லை. கட்டில் காலி.

"பச்சையை மாட்டி அணைச்சுடு."

"வேண்டாம் சார்."

என் முகத்தைப் பார்த்தார். மணியின் ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, விளக்கை எரியவிட்டே கதவைப் பூட்டினார்.

அன்று இரவு என் அறையில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு படுத்தேன். போர்வை பீரோவுக்குள். பீரோ பூட்டியிருந்தது.

செவ்வாய் காலை விழித்தேன். எல்லா விளக்கும் அணைந்திருந்தன. போர்வை என் கழுத்து வரை இருந்தது. இரண்டு ஓரமும் செருகியிருந்தது.

முகம்கூடக் கழுவாமல் அலுவலகத்துக்கு ஓடினேன். பூட்டு அப்படியே. பச்சைப் பொத்தான் இழுப்பறையில், உறையில்.

சிவப்பு விளக்கு எரியவில்லை. திரையில் ஒரே வரி.

நோயாளியைப் பார்த்தாயிற்று. 4:12.