பேரி மரத்தைச் சுற்றி ஒரு வட்டம்

ஒரு வாக்கியத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது எதிரே யார் வந்து உட்கார்ந்தாலும் மி-ஒக் நிமிர மாட்டாள். சியோலில், மாங்வோன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் காபிக்கடையின் சன்னலோர மேசைதான் அவளுக்கு அலுவலகம். எந்தப் பதிப்பகத்திலும் அவள் சம்பளத்துக்கு இல்லை. எழுத்தாளர்கள் கொண்டுவந்து தரும் பிரதிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது தொழில். கையில் சாதாரணப் பென்சில். சிவப்பு மையைத் தொட மாட்டாள்.

"சிவப்பப் பாத்தா எழுதினவளுக்கு வயிறு கலங்கும். பென்சில்னா ஏதோ தூசி விழுந்த மாதிரி இருக்கும்" என்பாள்.

தேவையில்லாத காற்புள்ளிகளை அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்குவாள். முதல் நாவலோடு வந்தவர்கள் அவளிடம் அழாமல் போனதில்லை. "இந்த வரிய நீ எழுதலம்மா, உன் பெருமை எழுதியிருக்கு. அதக் கொஞ்சம் வெளிய உக்காரச் சொல்லு" என்று அப்படி வந்த தாக் சே-ரினிடம் ஒருமுறை சொன்னாள். சே-ரின் அழுதாள், திட்டினாள், மறுவாரம் ஒரு பை ஆரஞ்சோடு திரும்பி வந்தாள். அதற்கப்புறம் அவளுடைய ஒவ்வொரு நாவலும் மி-ஒக்கின் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போனது. சே-ரின் பரிசு வாங்கி மேடையில் வாசித்தபோது, மி-ஒக் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் கூடவே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வசந்தத்தில் சே-ரின் கொண்டுவந்தது பிரதி அல்ல. அச்சுக்குத் தயாரான மெய்ப்பு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ பியோ தன்-ஊகிட்ட குடுத்துட்டேன். நீங்க சும்மா ஒரு பார்வ பாருங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"யாரு, முழங்கால் கிழிஞ்ச பேன்ட் போட்டுக்கிட்டு எடிட்டிங் பண்ண வருவானே, அவனா?"

"பேன்ட்தான் கிழிசல். கண்ணு ரொம்பக் கூர்மைக்கா."

"கூர்மையா இருந்தா காய் நறுக்கட்டும்."

குறை தேடித்தான் படித்தாள். சே-ரினின் கதைகளில் அம்மா சாகும் இடத்தில் எப்போதும் மழை பெய்யும், பக்கம் பக்கமாகப் பெய்யும். மி-ஒக் அந்த மழையைச் சீராகப் பெய்ய வைப்பாளே தவிர, நிறுத்தியதில்லை. தன்-ஊ மழையை அடியோடு எடுத்துவிட்டிருந்தான். வெயிலடிக்கும் ஒரு பிற்பகலில், பாதி மடித்த துணிகளுக்குப் பக்கத்தில் அம்மா செத்துக் கிடந்தாள். மி-ஒக் அந்தப் பக்கத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். பாழாய்ப்போனவன், எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் கடைசி அத்தியாயத்தில் ஒன்று சிக்கியது. தொடக்கத்தில் வாசலில் நின்ற இலந்தை மரம் இங்கே பேரி மரமாகியிருந்தது. "கூர்மையாம், கூர்மை!" அழுத்தி ஒரு வட்டம் போட்டாள். சே-ரினிடம் எப்படிக் காட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டாள். அடுத்த பக்கம் நன்றியுரை. 'என் மழையை நிறுத்திய பியோ தன்-ஊவுக்கு' என்று தொடங்கியது. மி-ஒக்கின் பெயர் அடியில், அச்சகத்தாருக்குச் சற்று முன்னால் இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?" சே-ரின் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். "சாயங்காலம் அச்சுக்குப் போகுது. ஏதாவது மாத்தணுமா?"

மி-ஒக் பக்கத்தைப் பின்னால் திருப்பி, வட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"நல்லா பண்ணியிருக்கான்." அது உண்மைதான், சொல்லும்போது நாக்கு கசந்தது. "மாத்த ஒண்ணும் இல்ல."

சே-ரினின் முகம் மலர்ந்தது. தன்-ஊவுக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்துக் குனிந்தாள். அவள் தட்டி முடிப்பதற்குள் மி-ஒக் ரப்பரால் அந்த வட்டத்தை அழித்து, தூளை மெல்ல ஊதினாள்.