வேண்டுமென்றே பாடிய அபஸ்வரம்

பெற்ற மகளிடம், "நான் உன் அப்பா இல்லை" என்று சொன்னவன் நான். முகத்துக்கு நேராகச் சொன்னேன். இல்லை... அதுவும் பொய்! என் முகம் அப்போது ஒரு முயல் தலைக்குள் இருந்தது.

உங்களிடம் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் நான் சிங்கப்பூரில் ஒரு கப்பல் நிறுவனத்தில் எழுத்தர். ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவேன். ஓபரா என்றால் எனக்குப் பித்து. பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, இத்தாலிய மொழியில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமலே ஏழெட்டுப் பாடல்களை மனப்பாடம் செய்திருந்தேன். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் நான் உச்சத்தைப் பிடித்தால் இரண்டு மாடிக்குக் கேட்கும்.

மகள் செலினுக்கு ஓபரா வேண்டாம். தொலைக்காட்சியில் வந்த விண்வெளி நாய் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டுத்தான் வேண்டும். அதையும் நெஞ்சை விரித்து, கடைசி அடியை மூச்சு முட்டும்வரை இழுத்துப் பாடுவேன். அவள் சோபாவில் ஏறிக் குதிப்பாள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது, இத்தாலிக்குப் போய் முறையாகப் படிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஓர் இசைப்பள்ளிக்கு எழுதியிருந்தேன். பதில் வருமுன்பே வேலையை விட்டேன். எவ்வளவு கர்வம்! தேவாலயத்தில் எனக்காக ஜெபித்தார்கள், மாலை போட்டார்கள். அதன்பிறகு பதில் வந்தது. இரண்டே வரி... இடமில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? குறித்த நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் விடைபெற்றேன். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், ஒரு கடையின் மாடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன்.

இத்தனை சின்ன சிங்கப்பூரில் ஒளிய முடியுமா என்று கேட்பீர்கள். தெரிந்தவர்கள் போகும் இடங்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டால் முடியும். தேவாலயத்தை விட்டேன். நண்பர்களை விட்டேன். கீழே மசாலா அரைக்கும் இயந்திரத்தின் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து, தனியாகச் சாப்பிட்டேன்.

சில மாதங்களில் தேக்கா சந்தையில் என் மனைவி ரீத்தா என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கத்தவில்லை. மீன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ, எங்கப்பா இத்தாலியில பாடறாருன்னு ஸ்கூல் எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே வந்து சொல்லுங்க."

"அடுத்த வாரம் வர்றேன்," என்றேன்.

நாலு வருடம் போயிற்று!

பிழைப்புக்குப் பிறந்தநாள் விருந்துகளில் பாடினேன். பெரியவர்களுக்கு ஓபரா, பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் பாட்டு. தலையில் முயல் முகமூடி. யாருக்கும் என்னைத் தெரியாது என்பதே அதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு நாள் மதியம், ஈசூன் பக்கம் ஒரு புது வீட்டில் விருந்து. விண்வெளி நாய் பாட்டின் கடைசி அடியை இழுக்கும்போது முகமூடியின் துளை வழியே பார்த்தேன்... பிள்ளைகளுக்கு நடுவே செலின். ஒன்பது வயது. இரட்டைப் பின்னல். எல்லோரும் கைதட்ட, அவள் மட்டும் தட்டவில்லை.

கிட்ட வந்தாள்.

"அங்கிள்... நீங்க எங்க அப்பாவா?"

இந்தக் கேள்விக்குத்தானே நாலு வருடம் பயந்தேன்... அல்லது ஏங்கினேனா? முகமூடியைக் கழற்ற ஒரு நொடி போதும்! கழற்றியிருந்தால் அவள் யாரைப் பார்த்திருப்பாள்? இத்தாலியில் பாடும் அப்பாவையா? முயல் காதோடு வியர்த்து நிற்கும் ஒருவனையா?

"இல்ல பாப்பா. நான் உங்க அப்பா இல்ல," என்றேன், தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு.

"அப்ப இன்னொரு தடவ பாடுங்க."

பாடினேன். வேண்டுமென்றே அபஸ்வரமாக... தாளத்தைத் தவறவிட்டு, கடைசி அடியில் குரலை உடைத்து. வாழ்நாளில் இத்தனை கவனமாக நான் பாடியதே இல்லை! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

செலின் சிரிக்கவில்லை. "சாரி அங்கிள். எங்க அப்பா இதவிட நல்லா பாடுவாரு," என்று சொல்லிவிட்டுக் கேக் இருந்த மேசைக்குப் போனாள்.

"பரவால்ல லா, பிள்ளைங்க ஜாலியா சிரிச்சாங்க," என்று அந்த வீட்டுக்காரப் பெண் என்னைத் தேற்றினாள்.

அடுத்த வாரம் ரீத்தா தேக்காவில் என்னைத் தேடி வந்து ஒரு தாளை நீட்டினாள். செலின் எனக்கு எழுதிய கடிதம். "ஒரு முயல் உங்க பாட்டைக் கெடுத்திருச்சு. ஆனா நான் உங்கள விட்டுக்கொடுக்கல அப்பா."

"இதுக்கு நான் எந்த அட்ரஸ் போடட்டும்?" என்றாள் ரீத்தா. முயல் யார் என்று அவள் கேட்கவில்லை.

நான் பதில் எழுதினேன். இத்தாலியிலிருந்து எழுதுவதுபோல! ரீத்தா அதை நின்றபடியே படித்தாள். மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தாள்.

"இதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஆனா பொய்யைக் கொண்டுபோய்க் கொடுக்க என்னால முடியாது."

அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை. பல மாதங்கள் கழித்து ரீத்தாவைப் பார்த்தபோது, செலின் என்னைப் பற்றிக் கேட்கிறாளா என்றேன். "இப்பல்லாம் கேட்கறதே இல்ல," என்றாள்.

ஆங் மோ கியோவுக்கு இப்போது ரயில் விட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு போனேன். அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஐந்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, மூங்கில் கழியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பெரிய பெண்ணின் அளவு.

மின்தூக்கியின் பொத்தானை அழுத்தினேன். அது இறங்கி வந்தது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்... கதவு மூடிக்கொண்டது.