இரைகிற ரிக்கார்டும் சீவில்லிபுத்தூர் சம்பந்தமும்

ரிக்கார்டு விற்கிற தொழிலில் பாடுகிறவர் ஒருவர், வாசிக்கிறவர் ஒருவர், அச்சடிக்கிறவர் ஒருவர்; ஏச்சு வாங்குகிறவள் மட்டும் கடைக்காரி. உங்களில் யாராவது கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தான் செய்யாத பொருளுக்குப் பதில் சொல்லியிருந்தால் என் கஷ்டம் புரியும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வீட்டுக்காரர் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், கோயில் கொடை என்று ஊர் ஊராகப் போய்விடுவார். கடையில் நானும் மகள் மல்லிகாவும் இருப்போம். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எண்பதுகளின் நடுவில், கேசட்டும் வரத் தொடங்கிவிட்ட சமயம், புதிதாக வருகிற ரிக்கார்டுகளுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒரே பெட்டி, ஒரே பாட்டு. ஒன்று கணீரென்று பாடும். அடுத்தது சட்டியில் அப்பளம் பொரிவது போல இரையும். இன்னொன்றில் குரல் தண்ணீருக்குள் இருந்து வருகிற மாதிரி ஆடும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் எது எப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. மல்லிகாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்ததும் அந்த வருஷம்தான். இரண்டு கவலையும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டதுதான் என் தலையெழுத்து.

போட்டாலும் குற்றம்

தளவாய்புரத்தில் தையல் கடை வைத்திருந்த ஒருவர் புதுப்பட ரிக்கார்டு கேட்டு வந்தார். நம்பிக்கை வரட்டும் என்று பிளேயரில் வைத்துப் போட்டுக் காட்டினேன். நன்றாகத்தான் பாடியது. முழுப் பாட்டையும் தலையாட்டிக் கேட்டவர், "இத நீங்க ஓட்டிட்டீகள்ல, இனி இது பழசு. பிரிக்காத ரிக்கார்டா ஒண்ணு எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நல்லதென்று தெரிந்த ரிக்கார்டு என் மேஜையில் கிடந்தது. எப்படியென்று தெரியாதது பஸ் ஏறிப் போனது.

மறுநாள் கடை திறக்கும்போதே படியில் நின்றார். இரைகிறதாம். நேற்று நடந்ததை நினைவுபடுத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் ஆயிரம் சொல்லுவேன். கடைக்காரவுக நீங்கதான போட்டுப் பாத்துக் குடுக்கணும்?"

பெண் பார்க்க வந்தவர்

சீவில்லிபுத்தூரிலிருந்து மல்லிகாவைப் பார்க்க வந்தார்கள். பையன், அம்மா, அப்பா. அப்பா தபால் ஆபீசில் வேலை, அதிகம் பேசாதவர். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் புதிதாக பிளேயர் வாங்கியிருப்பதாகச் சொல்லி, ஒரு நாதஸ்வர ரிக்கார்டை எடுத்துக்கொண்டார். சும்மா கொண்டுபோங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்காமல் பணத்தை வைத்தார். "போயிட்டுத் தகவல் சொல்லுதோம்" என்றார்கள். வந்ததிலிருந்து போகும்வரை அவர் என்னை அம்மா என்றோ தங்கச்சி என்றோ எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஒரு வாரம் தகவல் இல்லை. அடுத்த வாரம் அவர் மட்டும் கையில் பையோடு வந்து நின்றார். மல்லிகாவை உள்ளே போகச் சொன்னேன், காப்பி போடச் சொன்னேன், மறுபடி வெளியே வரச் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்து, காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு பைக்குள் கையை விட்டார்.

"ரெண்டாவது பக்கம் இரையுது."

மில்லில் விளக்கு எரிந்தால்

நூல் மில்லுக்குப் பின்னால் குடியிருந்த ஒரு அக்கா வாங்கிப்போன ரிக்கார்டு சாயங்காலம் ஆனால் இழுத்து இழுத்துப் பாடியதாம். பெண் குரல் ஆண் குரலாகிறது என்றார். எங்கள் கடையில் காலை பதினொரு மணிக்குப் போட்டால் ஒழுங்காகப் பாடுகிறது. மாற்றிக் கொடுத்தேன். அதுவும் அவர் வீட்டில் ஆண் குரல். என் வீட்டுக்காரர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மில்லில் விளக்கு எரிந்ததும் கரண்ட்டில் வோல்டேஜ் இறங்குகிறது, பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது, ரிக்கார்டில் ஒரு கோளாறும் இல்லை என்று விளக்கமாகச் சொன்னார். எனக்கே அப்போதுதான் மனம் ஆறியது.

அந்த அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி, கரண்ட்ட மாத்திக் குடுக்க ஒங்களால ஏலாது. ரிக்கார்டையாவது மாத்திக் குடுங்க."

இஞ்சின் பெட்டி

வத்திராயிருப்பிலிருந்து வந்த தேங்காய் வியாபாரி ஒருவர் கொண்டுவந்த ரிக்கார்டு உளுந்து அப்பளம் மாதிரி விளிம்பு தூக்கி நின்றது. ஊசி அதன்மேல் மலையேறி இறங்கியது. எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். பஸ்சில் கூட்டம், மடியில் வைத்தால் நசுங்கும் என்று டிரைவரிடம் சொல்லி இஞ்சின் பெட்டி மேல் பத்திரமாக வைத்தாராம். அந்தப் பெட்டி மேல் முட்டையை வைத்தால் அவிந்துவிடும். சூட்டில் வளைந்தது உங்கள் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எங்க ஊருக்கு வார பஸ்சு எப்படினு தெரிஞ்சுல்லா கம்பெனிக்காரன் ரிக்கார்டு செய்யணும்?"

இரண்டாவது தடவை

தபால் ஆபீஸ்காரருக்கு மாற்றிக் கொடுத்த ரிக்கார்டும் பத்து நாளில் திரும்பி வந்தது. இந்தத் தடவை இரண்டு பக்கமும் இரைகிறதாம். நான் கடையில் வைத்துப் போட்டேன். இரைந்த மாதிரியும் இருந்தது, இரையாத மாதிரியும் இருந்தது. பையனைப் பற்றிக் கேட்டேன், "இருக்கான்" என்றார். அவர் வீட்டு அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன், "கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார். பெண்ணைப் பற்றியா, நாதஸ்வரத்தைப் பற்றியா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். ஒரு ரிக்கார்டை ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத வீட்டிலா பெண் எடுப்பது என்று அந்த அம்மா நினைத்திருந்தால்?

மதுரையிலிருந்து சரக்கு கொண்டுவருகிற ஏஜென்ட் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். நல்லதாக ஒன்றே ஒன்று, என் மகள் வாழ்க்கை அதில் இருக்கிறது என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, பாவம்.

"யக்கா, பெட்டிக்குள்ள நாலஞ்சு அப்படித்தான் வருது. எந்த நாலஞ்சுன்னு கம்பெனிக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?"

நாயின் தீர்ப்பு

தென்னந்தோப்பும் வெள்ளை நாயும் உள்ள ஒரு பெரிய வீட்டுக்காரர் மனைவியோடு காரில் வந்தார். ரிக்கார்டின் முதல் பாட்டு ஓடும்போது நாய் படுத்திருக்கிறது, மூன்றாவது பாட்டு வந்தால் எழுந்து ஊளையிடுகிறது, அதனால் ரிக்கார்டில் கோளாறு என்றார் அவர். அந்த மூன்றாவது பாட்டை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா கணவனைப் பார்த்து, "பாகலேது" என்றார். எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் நன்றாக இல்லை என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் கடைக்காரிக்கு விளங்கிவிடும்.

அன்றைக்குத்தான் என் காதின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவேளை எல்லா ரிக்கார்டும் இரைகிறதோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ? அவர் காரில் ஏறும்போது சொன்னதும் அதைத்தான்.

"நாய்க்குக் கேக்குது, ஒங்களுக்குக் கேக்கலையாக்கும்?"

டப்பாவுக்குள் ஊசி

அதற்கு மாற்றாகக் கொடுத்ததையும் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸ்காரர் மூன்றாவது தடவை வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். மல்லிகாவே வாங்கி, புதிதாக ஒன்று கொடுத்து அனுப்பிவிட்டாள். அவர் போன பிறகு, திரும்பி வந்த ரிக்கார்டை வெயிலில் சாய்த்து எனக்குக் காட்டினாள். கோடுகளில் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்திருந்தது. "ரிக்கார்டுல குத்தமில்லம்மா. அவுக பிளேயர் ஊசி மழுங்கியிருக்கும். போடப் போட இது உழுது தள்ளுது" என்றாள்.

இதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே என்றேன். மாப்பிள்ளை வீட்டு பிளேயரில் குறை சொல்வது, மாப்பிள்ளையிடமே குறை சொல்வது மாதிரிதானே? புதிதாக வாங்கிய பிளேயர் என்று அவரே சொல்லியிருக்கிறார். சம்பந்தம் முடியும்வரை வாரம் ஒரு ரிக்கார்டு மாற்றிக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிசைந்தாள்.

"ஏம்மா, நான் சொல்லல. ஒரு புது ஊசிய மட்டும் டப்பாவோட அட்டைக்குள்ள வச்சு அனுப்பிட்டேன்."

பையோடு வந்தவர்

அதன் பிறகு சீவில்லிபுத்தூரிலிருந்து ஆளும் இல்லை, பையும் இல்லை. ரிக்கார்டு திரும்பி வரவில்லையே என்று சந்தோஷப்பட்டதும் நான்தான், அழுததும் நான்தான். மல்லிகாவிடம் நான் பேசவில்லை. வீட்டுக்காரர், "ஊசி குத்திருச்சோ என்னமோ" என்று சொல்லிவிட்டு மைக் செட்டோடு கிருஷ்ணன்கோவில் பக்கம் போய்விட்டார். பஸ் நிற்கிற சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு வந்துவிடுவேன்.

ஒரு நாள் தபால் ஆபீஸ்காரர் வந்தார். பக்கத்தில் மனைவியும், கையில் அதே பையும். சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் பையைத் திறந்து ஊசி டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிரிக்கவே இல்லை. கம்பெனி ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. கடைசியாக வாங்கிப்போன ரிக்கார்டு பழைய ஊசியிலேயே நன்றாகப் பாடுகிறதாம், இன்றுவரை துளிக்கூட இரைச்சல் இல்லையாம். மல்லிகா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அப்படியென்றால் கோளாறு ஊசியில் இல்லையா? முதலில் கொடுத்ததெல்லாம் நிஜமாகவே கெட்ட ரிக்கார்டுகளா? அந்தச் சாம்பல்? கேட்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மா டப்பாவை எடுத்து மல்லிகாவின் கையில் வைத்துவிட்டார். தபால் ஆபீஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதன்முதலாக முறை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எங்க வீட்டுல ஊசி மாட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்ல. ஒங்க மக வந்து மாட்டட்டும்னு இவ சொல்லிட்டா, நீங்க நாளு பாருங்க."

மல்லிகா போய் மாட்டினாளா, மாட்டிய பிறகு அது இரைந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை, ஏனென்றால் நன்றாக ஓடுகிற ஒன்றை ஏன் ஓடுகிறது என்று கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் இத்தனை வருஷ வியாபாரத்தில் எனக்குப் பிடிபட்டது.