கலசத்துக்கு மேலே என் டிரோன்

மலேசியாவில், சுங்காய் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் டிரோன் விட்டு மருந்தடிப்பது என் பிழைப்பு. ஆறு கை, ஆறு விசிறி, வயிற்றில் இருபது லிட்டர் டாங்கி. வயிறு விஷயத்தில் எனக்கும் அதற்கும் நல்ல பொருத்தம் என்று என் மனைவி சொல்வாள். நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. ஆனாலும் சாப்பாட்டுக் கடையில் யாராவது தொழிலைக் கேட்டால் பைலட் என்றுதான் சொல்வது. இப்படியே பேசிப் பேசி, எனக்குக் காய்ச்சல் என்றால்கூட எங்கள் ஆட்கள் சிரிக்கிற அளவுக்குப் பேர் வாங்கிவிட்டேன்.

காம்பார் பக்கம் நாங்கள் பிறந்த ரப்பர்த் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, நாங்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. கோயில் மட்டும் இருக்கிறது. கும்பாபிஷேகம் என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள். கலசத்தில் நீர் ஊற்றியதும் மிச்சத்தைச் சாரத்தின் மேல் நின்று கூட்டத்துக்குத் தெளிப்பது வழக்கம். பின்வரிசைக்கு ஒரு துளியும் போய்ச் சேராது. போன தடவை நாலைந்து குடும்பங்கள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்டன. ஈப்போவில் பள்ளி கேண்டீன் நடத்தும் ஓர் அக்காதான் அந்தக் கோபத்துக்குத் தலைமை.

கோயில் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, ஒன் மெஷினு காட்டுக்கே மருந்தடிக்குது. நம்ம சனத்துக்குக் கொஞ்சம் தீர்த்தம் அடிக்காதா?"

"அடிக்கும்ணே. களையெல்லாம் கருகிரும், நல்ல பக்தருங்க மட்டும் நிப்பாங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான்.

வீட்டில் மனைவி கேட்டாள். "அதே டாங்கியிலயா சாமி தண்ணி?"

"புதுசு வாங்கிட்டேன் லா."

"பழசக் கழுவி வச்சீங்களா?"

"மூணு தடவ."

புதுசு வாங்கியது உண்மை. மூணு தடவை பொய். வியாழக்கிழமை புல்லைக் கருக்கும் மருந்தை அடித்து முடித்தபோது நல்ல மழை. டாங்கியின் அடியில் மிச்சம் கிடந்ததை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வேனில் ஏறிவிட்டேன். மறுநாள் நான் பார்த்தது காற்பந்து.

கும்பாபிஷேகத்தன்று விடிவதற்கு முன்பே போய், இருட்டில் வேனுக்குள் தடவித் தடவி டாங்கியை எடுத்து மாட்டினேன். பெண்கள் வந்து மெஷின் முழுக்கச் சந்தனம் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள். என் கல்யாணத்தில் எனக்குக்கூட அவ்வளவு அலங்காரம் கிடையாது. தலைவர் தன் கையாலேயே கும்ப நீரை டாங்கியில் ஊற்றினார். கற்பூர வாசனையில் வேறு எந்த வாசனையும் தெரியவில்லை.

"சியாப்பா? ரெடியா?" என்றார்.

"சியாப்ணே" என்று மேலே ஏற்றிவிட்டேன்.

குருக்கள் கையில் பச்சைத் துணி வைத்திருந்தார். அவர் அதை அசைத்தால் நான் தெளிக்க வேண்டும். அவரோ நல்ல நேரம் வரட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மெஷின் அந்தரத்தில் காத்திருந்தது, பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் இறக்குவதற்குக் கயிறு கட்டி வைத்த இடத்தில் கயிறு அறுந்து, அங்கேயும் ஜனம்.

அப்போது மனைவி வந்தாள். இடுப்பில் குடம்போல ஒரு டாங்கி. கடையில் ஒட்டிய விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"இது வேன்ல இருந்துச்சு. அப்ப மேல பறக்கறது எது?"

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே பறந்தது வியாழக்கிழமை டாங்கி. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

குருக்கள் துணியை அசைத்தார். நான் பட்டனைத் தொடவில்லை.

"போடு மச்சான்! தூங்கிட்டியா?" என்று பின்னாலிருந்து சத்தம்.

தொடாமல் இருந்தும் பயன் இல்லை. அந்த மெஷினில் ஒரு குழல் சொட்டும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று மூன்று மாதம் ஓட்டியிருந்தேன். செம்பனைக் காட்டில் சொட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே நேர் கீழே, முகத்தை அண்ணாந்து, கண்ணை அகலத் திறந்து நின்றுகொண்டிருந்தார் கேண்டீன் அக்கா. போன தடவை விட்டதைப் பிடிக்க விடிகாலையிலேயே வந்து இடம் போட்டவர்.

"விழுந்துருச்சு! கண்ணுலயே விழுந்துருச்சு!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மெஷினைக் கூட்டத்திலிருந்து விலக்கி ஓட்டினேன். கூட்டமும் கூடவே ஓடியது. இடப்பக்கம் போனால் இடப்பக்கம் வருகிறார்கள், வலப்பக்கம் திருப்பினால் வலப்பக்கம். குழந்தைகளைத் தூக்கித் தூக்கிப் பிடிக்கிறார்கள். பேட்டரி இருபத்திரண்டு சதவீதம். பதினைந்துக்குக் கீழே போனால் மெஷின் என் பேச்சைக் கேட்காது. பாதுகாப்பு என்ற பெயரில் கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பி வந்து இறங்கும். கிளம்பிய இடத்தில் இப்போது நூறு தலை, மேலே சுழலும் ஆறு விசிறி.

கோயிலுக்குப் பின்னால், ரப்பர் புகைபோடும் பழைய கொட்டகையைத் தாண்டினால், அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பெரிய குட்டை. கொட்டகைக் கூரைக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஓர் ஆள் உயர இடைவெளி. கம்பிக்கு மேலே ஏற்றிப் போக நேரம் இல்லை. சாதாரண நாளில் அந்தச் சந்துக்குள் ஓட்டச் சொன்னால் எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று மறுத்திருப்பேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன். மாலை கம்பியில் மாட்டி அறுந்தது. மெஷின் தப்பித்துத் தாண்டிவிட்டது. பதினாறு என்று காட்டியபோது குட்டையின் நடுவில் கொண்டுபோய் அமுக்கினேன். என் பிழைப்பு நாலு குமிழி விட்டு மூழ்கியது.

அப்பாடா என்று உட்காரப் பார்த்தேன். கூட்டம் குட்டையை நோக்கி ஓடியது.

"தீர்த்தம் எல்லாம் கொளத்துல எறங்கிருச்சு! எல்லாரும் முழுகுங்க!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஓடியவர் தலைவர்.

"எறங்காதீங்க! அது ராச்சூன்! வெசம்! புல்லு மருந்து!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "இவன் ஒருத்தன்! சாமி விசயத்துலயுமா லா?" என்றார் ஒருவர். அம்மா சத்தியம் என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். தலைவர் முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அள்ளிவிட்டார். வாழ்க்கையில் அதுவரை நான் அழுது யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதேன். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள்.

மனைவிதான் பந்தலுக்குள் ஓடி மைக்கைப் பிடுங்கினாள்.

"யாரும் தண்ணியத் தொடாதீங்க! எம் புருசன் கழுவாத டாங்கி! பூச்சி மருந்து இல்ல, புல்லக் கருக்குற மருந்து! எங்கிட்டயே பொய் சொல்லிட்டாரு!"

ஒலிபெருக்கி அதைக் காம்பார் வரைக்கும் கொண்டுபோயிருக்கும். தலைவரின் கை தானாக விரிந்தது. கரையில் நின்றவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

நான் அக்காவைத் தேடி ஓடினேன். கோயில் குழாயடியில் உட்காரவைத்து, ஹோஸைப் பிடித்து, இமையை விரலால் விரித்துக் கழுவினேன். கண் செக்கச்செவேல் என்று இருந்தது. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் கழுவச் சொல்லி மருந்துப் புட்டியில் போட்டிருக்கும். அதை இத்தனை வருஷத்தில் அன்றுதான் நினைத்துப் பார்த்தேன். தண்ணீர் தெறித்து அவர் பட்டுச்சேலை முழுக்க நனைந்தது. கிளினிக்குக்குப் போக மனைவி வேனைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அக்கா, தெரியுதாக்கா? ஏதாச்சும் தெரியுதா?"

அவர் நல்ல கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சிவந்த கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஒன் மூஞ்சி தெரியுது" என்றார். "தெரியாமலே போயிருந்தாலும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"இன்னும் அஞ்சு நிமிசம் கழுவணும்கா" என்று மறுபடி ஹோஸைத் தூக்கினேன்.